மூன்று கம்பிக்கு மூன்று நூல்

பச்சைப் பொத்தானை அழுத்தியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரம்பம் உறுமிக்கொண்டு கிளம்பியது. வேங்கைப் பலகையின் நுனியை மெல்ல அதன் வாயில் கொடுத்தேன். அறுபடுகிற மரத்துக்கு ஒரு சத்தம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே இது இன்ன மரம், இது காய்ந்தது, இது பச்சை என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கு அந்தச் சத்தம் வரவில்லை. பாறையில் செருப்பைத் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பின்னாலேயே கருகல் வாடை, புகை. பலகை என் கையை மீறி மேலே எம்பியது.

எதிரே நின்ற என் சம்பந்தி சுடலைமுத்து எட்டிச் சிவப்புப் பொத்தானை அடித்தார். வேகம் குறையும்போது, ரம்பத்தை இறுக்கிப் பிடித்திருந்த நட்டு தானாகக் கழன்று மேஜையில் விழுந்து உருண்டது. காப்பித் தம்ளரோடு கொட்டகை வாசலில் நின்றிருந்த என் மகள் செல்வியின் காலடியில் போய்ப் படுத்தது.

ரம்பம் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது. பல்லின் முனை மரத்தைக் கடிக்காமல், முதுகு போய்த் தேய்த்திருக்கிறது. நட்டு கழன்றதும் அதனால்தான்.

"காலையில சரியாத்தான சுத்துச்சு" என்றார் சம்பந்தி.

நான் அவரைப் பார்த்தேன். பிறகு நான் சொன்னதை எழுதுவதற்கு முன்னால், அந்த ரம்பம் கல்லிடைக்குறிச்சியில் என் வீட்டுப் பின்கட்டுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

என் கட்டை, என் கண் முன்னால்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் நின்ற மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, இதில் எத்தனை சட்டம் தேறும் என்று சொன்னால், அறுத்துப் பார்க்கும்போது ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம், அவ்வளவுதான். படித்தவர்கள் டேப்பும் தாளும் வைத்துக்கொண்டு என் பின்னால் வந்திருக்கிறார்கள்.

இதெல்லாம் சந்தேகம் தந்த படிப்பு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தேக்கங்கட்டை வாங்கினேன். வெட்டு முகம் இரண்டும் கண்ணாடி மாதிரி இருந்தது. அறுக்கக் கொடுத்தால் நடுவில் பொந்து. பொந்துக்குள் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, மேலே செம்மண் பூசியிருக்கிறார்கள். விற்றவர் கல்யாணம், கருமாதி என்று எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கிற பெரிய மனுஷன்.

அன்றிலிருந்து நான் எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்கியதில்லை. மனிதர்களையும்தான்.

எனக்குச் சொந்தமாக அறுவை மில் இருந்ததில்லை. அடுத்தவர் மில்லில் கொடுத்து அறுப்பேன். கட்டை உள்ளே போகும்போது நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால், கடைசிச் சட்டம் வெளியே வரும் வரை எழுந்திருக்க மாட்டேன். சாப்பாடு அங்கேயே வரும். "அண்ணாச்சி, ஒண்ணுக்குக்கூட போவ மாட்டியளா" என்று மில்காரர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். நாற்பது வருடத்தில் என் கட்டை ஒன்றுகூட மாறியதில்லை.

தொழிலை விட்டபோது ஒரு வேங்கையை மட்டும் கனமான பலகைகளாக அறுத்து வீட்டில் அடுக்கி வைத்துக்கொண்டேன். செல்வி வீடு கட்டும்போது தலைவாசல் நிலை என் மரத்தில்தான் என்று அப்போதே முடிவு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத் தலைவாசல் நிலை தகப்பன் கொடுப்பது.

பாளையங்கோட்டையில் அவள் வீடு தரைக்கு மேலே எழும்பிவிட்டது. தையில் ஒரு வெள்ளிக்கிழமை நிலை வைக்க நாள் குறித்தாயிற்று. பலகையைச் சட்டமாக அறுக்க வேண்டும். ஆனால் என் முழங்கால் இப்போது ஸ்டூலில் அரை மணி நேரம்கூட உட்கார விடுவதில்லை. பார்க்காமல் கொடுத்தால் என் வேங்கை உள்ளே போய், வேறு ஏதாவது வெளியே வரும்.

"ஊர்ல எல்லாரும் ஒங்க பலகைய களவாங்கத்தான் பொறந்திருக்காவளா" என்று கேட்டாள் என் மனைவி.

எல்லாரும் இல்லை. யார் என்று தெரியாததுதான் பிரச்சினை.

பெயிண்ட் பூசிய தகடு

திருநெல்வேலி டவுன் பக்கம் ஒரு மேஜை நாற்காலிப் பட்டறையை மூடுகிறார்கள், வட்ட ரம்பம் ஒன்று விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். வார்ப்பு இரும்பு மேஜை. தட்டினால் கோயில் மணி. அச்சைப் பிடித்து ஆட்டினேன், அசையவில்லை. இரும்பில் குறை இல்லை.

குறை இல்லாத பொருளை எதற்கு விற்கிறான் என்று யோசனை வந்தது. மோட்டாரைப் பார்த்தேன். அதன் விவரம் பொறித்த தகட்டின் மேலே பச்சைப் பெயிண்ட் அப்பியிருந்தது.

"தகட்டுல எதுக்கு வே பெயிண்டு?"

"மெஷினு பூரா அடிச்சோம் அண்ணாச்சி. அது மேலயும் பட்டுட்டு."

"ஓட்டிக் காமியும்."

"லைனைத்தான் கட் பண்ணியாச்சே. போட்டா ஓடும். நம்பி எடுத்துட்டுப் போங்க."

நம்பி என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு முதுகு அரிக்கும். சாவியால் பெயிண்டைச் சுரண்டினேன். 415 என்று எண் தெரிந்தது. அவரே விளக்கினார். வீட்டில் விளக்கு எரிகிற மின்சாரம் இருநூற்றுச் சொச்சம் வோல்ட். இது பட்டறை மோட்டார். மூன்று கம்பியில் வருகிற மூன்று பேஸ் மின்சாரம் இருந்தால்தான் ஓடும். வீட்டில் பிளக்கைச் செருகி ஓட்டுகிற சாமான் இல்லை.

அந்த இரும்புக்காகவே வாங்கிப் போட்டுவிட்டேன். வண்டியில் ஏற்றும்போது அந்த மனிதர் சிரித்த முகமாகவே நின்றார். வழியெல்லாம் அந்தச் சிரிப்பைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆளுக்கொரு யோசனை

ரம்பம் பின்கட்டுத் தகரக் கொட்டகையில் வந்து இறங்கியது ஊருக்கே தெரிந்துவிட்டது. யோசனை சொல்ல வராத ஆள் இல்லை.

மின்சாமான் கடைக்காரர், ஒரு பெட்டி இருக்கிறது, வீட்டு மின்சாரத்தை மூன்று பேஸாக மாற்றிக் கொடுக்கும் என்றார். அந்தப் பெட்டி அவர் கடையில் மட்டும்தான் இருந்தது. அதனால் வேண்டாம் என்றேன்.

வயல்காட்டுப் பழக்கக்காரர் ஒருவர், "எதுக்கு அண்ணாச்சி அலையுதீங்க? பம்பு செட்டுக்கு மூணு பேஸ்தான வருது. அங்கன இருந்து ஒரு வயரை இழுத்து விட்டா முடிஞ்சுது" என்றார். விவசாயத்துக்குக் கொடுக்கிற மின்சாரத்தில் கதவு நிலை அறுத்தால் அதற்குப் பெயர் திருட்டு. என்னைப் பிடித்துக் கொடுக்கத்தான் இந்த யோசனையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. ஆள் இப்போதும் நன்றாகத்தான் பேசுகிறார்.

கடைசியில் மின்வாரிய அலுவலகத்துக்கே போய் நின்றேன். வந்து பார்த்த அதிகாரி இளவயது.

"தொழில் பண்ணப் போறீங்களா ஐயா?"

"மக வீட்டுக்கு நிலை அறுக்கணும். ஒரே ஒரு வீட்டு நிலை."

"வியாபாரம்னா இந்த இணைப்புல பண்ணக் கூடாது. அதுக்குத் தனியா வாங்கணும். சொந்த உபயோகம்தானே, எழுதிக் கொடுங்க."

எழுதுகிற ஆளைப் பிடித்து எழுதிக் கொடுத்தேன். சொன்ன நாளில் வந்து, கம்பத்திலிருந்து கம்பி இழுத்து, புது மீட்டர் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு முகச்சுளிப்பு கிடையாது. அன்று மாலை மீட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதுவும் ஓடாதபோது எண் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறவில்லை.

ஒன்றும் கேட்காத மனிதர்

மீட்டர் வரைக்கும் மூன்று பேஸ் வந்துவிட்டது. அங்கிருந்து மோட்டாருக்கு இணைப்புக் கொடுக்க ஆள் வேண்டும். "மாமா செஞ்சு குடுப்பாங்கப்பா" என்றாள் செல்வி. மாமா என்றால் அவள் மாமனார், என் சம்பந்தி.

சுடலைமுத்து விக்கிரமசிங்கபுரத்தில் நூல் ஆலையில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். பேச்சு குறைவு. நான் பத்து வார்த்தை பேசினால் அவர் "சரி அண்ணாச்சி" என்பார்.

பெண் பார்க்க வந்த அன்றே அவர் மேல் எனக்கு ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி, பிள்ளைய அனுப்புங்க போதும்" என்றார். கேட்கிறவனை எனக்குச் சமாளிக்கத் தெரியும். கேட்காதவன் மனதில் என்ன வைத்திருக்கிறான் என்று எதைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பது? எட்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

நிலை வைப்பதற்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை காலை பஸ்ஸில் வந்தார். கையில் ஒரு துணிப்பை. செல்வி முந்தின நாளே வந்திருந்தாள்.

மோட்டாரிலிருந்து வருகிற கம்பிகள் மூன்றும் வயதாகி ஒரே கறுப்பாக இருந்தன. அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன நூல் உருண்டைகளை எடுத்தார். சிவப்பு, மஞ்சள், நீலம். கம்பிக்கு ஒரு நிறமாக, வாலை நீளமாக விட்டுக் கட்டினார். ஆலையில் அப்படித்தான் அடையாளம் வைப்பார்களாம். பொத்தான்கள் இருக்கிற ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளும் மூன்று இடத்தில் அதே மூன்று நிறம்.

அவர் போடுகிற முடிச்சைக் கவனித்தேன். அறுந்த நூலை ஆலைக்காரர்கள் இணைக்கிற முடிச்சு. கடுகை விடச் சின்னது. நூலில் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

"நெறம் மாறுனா என்ன ஆவும்?" என்று கேட்டேன்.

"செக்கை மூணு பேரு வரிசையா தள்ளுத மாதிரி அண்ணாச்சி. ஒருத்தன், அவன் பின்னால ரெண்டாவது ஆளு, பின்னால மூணாவது ஆளு. இதுல ரெண்டு பேரு எடம் மாறிட்டா மோட்டாரு எதிர்ப்பக்கமா சுத்தும்."

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. நான் சாணை பிடிக்கக் கொடுத்திருந்த ரம்பத்தை வாங்க அம்பாசமுத்திரம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. மோட்டார் மேல் சாக்பீஸால் ஓர் அம்புக்குறி போட்டிருந்தார். "ரம்பம் மாட்டாம வெறும் மோட்டாரை ஓட்டிப் பாத்துட்டேன். இந்தப் பக்கமா சுத்துது. சரியா இருக்கு" என்றார்.

"மோட்டாரு எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு."

துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றில் குளிக்கப் போய்விட்டார்.

அவர் ஆற்றுக்குப் போன நேரத்தில்

நல்லாத்தான் இருக்கு. இந்த வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

பழைய மோட்டாருக்குள் இருக்கிற தாமிரக் கம்பியை உருவிவிட்டு அலுமினியக் கம்பி சுற்றி விற்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். தகட்டில் பெயிண்ட் பூசியவன் இதையும் செய்திருப்பான். அதைப் பார்த்தும் சம்பந்தி எனக்கு எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டிருக்கலாம். செக்குக் கதை சொல்லத் தெரிந்தவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

மெயினை இறக்கினேன். அந்த அளவுக்கு அறிவு உண்டு. ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியைத் திறந்து, மோட்டாரிலிருந்து வந்த மூன்று கம்பிகளையும் கழற்றினேன். உறையைக் கொஞ்சம் சீவிப் பார்க்க நூல் தடையாக இருந்தது. மூன்று நூலையும் அவிழ்த்துத் தொடை மேல் வைத்துக்கொண்டேன். பேனாக்கத்தியால் சுரண்டினேன். செக்கச் செவேல் என்று தாமிரம்.

வெளியே வருகிற கம்பி தாமிரம் என்றால் உள்ளே சுற்றியிருப்பதும் தாமிரம் என்று அர்த்தமில்லையாம். அது பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு மனது குளிர்ந்துவிட்டது.

எந்தக் கம்பிக்கு எந்த நூல் என்பது நினைவில் இருந்தது. நூறு கட்டைக்கு அடையாளம் மனதிலேயே வைத்திருந்தவன் நான். மூன்று நூல் எனக்கு ஒரு விஷயமா? கட்டினேன். சிவப்பைச் சிவப்பில், மஞ்சளை மஞ்சளில், நீலத்தை நீலத்தில் மாட்டி மூடியைத் திருகினேன். அவர் ஈரத் துண்டோடு திரும்பி வந்தபோது நான் திண்டில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன்.

ரம்பத்தை மாட்டி, நட்டை இறுக்கி, சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

மறுபடியும் கொட்டகை

"காலையில சரியாத்தான சுத்துச்சு" என்று அவர் சொன்னதும் நான் சொன்னது இதுதான்.

"அப்போ பேயா வந்து மாத்திச்சு? எட்டு வருசமா பாத்துட்டுத்தான் இருக்கேன். ஒண்ணும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லுத வாயி. என் கையால நிலை செஞ்சு என் மக வீட்டுல வச்சுட்டா எம் பேரு நிலைச்சுரும்னுதான கெடுக்கப் பாத்தீரு? என் கை போயிருந்தா ஒமக்குச் சந்தோசம்தான வே?"

அதற்கு முன்னால் அவரை நான் 'வே' போட்டுப் பேசியதில்லை.

அவர் முகம் மாறவில்லை. அதுவும் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. செல்வி குனிந்து அந்த நட்டை எடுத்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்பா. மாமாவப் பாத்து இன்னொரு வார்த்தை பேசுனீங்கன்னா, இந்த மரத்துல நிலை வேண்டாம். கடையில ரெடிமேடா வாங்கி வச்சுக்கிடுதோம். அந்த வாசல்ல நீங்க நுழைய வேண்டாம்."

அவள் என் மகள். சொன்னால் செய்வாள்.

கொட்டகையில் கருகல் வாடை மட்டும் இருந்தது. சம்பந்தி மெயினை இறக்கினார். ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினார். சிவப்பில் சிவப்பு, மஞ்சளில் மஞ்சள், நீலத்தில் நீலம். எல்லாம் அவர் வைத்த மாதிரியே. நானும் எட்டிப் பார்த்தேன். பார்த்துக்கொள்ளும் என்கிற மாதிரி.

அவர் விரல் சிவப்பு நூலின் மேல் போய் நின்றது. கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். மஞ்சளைத் தடவினார். பிறகு நீலத்தை.

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. மூன்று நூலிலும் புளியங்கொட்டை கனத்துக்கு ஒவ்வொரு முடிச்சு. வண்டியில் கட்டை ஏற்றிக் கயிறு போடுகிறவன் போடுகிற முடிச்சு. இரட்டைச் சுற்று, ஓர் இழுப்பு. அந்தக் கொட்டகையில் அப்படி முடிச்சுப் போடுகிறவன் ஒருத்தன்தான்.

இப்போது திரும்பி என்னைப் பார்ப்பார், நூலைத் தூக்கிச் செல்வியிடம் காட்டுவார் என்று நின்றேன். நானாக இருந்தால் காட்டியிருப்பேன். தெருவைக் கூட்டிக் காட்டியிருப்பேன்.

அவர் சிவப்பையும் மஞ்சளையும் கத்தியால் அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இரண்டு கம்பியையும் இடம் மாற்றி மாட்டினார். புது நூல் கட்டினார். கடுகை விடச் சின்ன முடிச்சு.

"நாந்தாம்மா மாத்திக் குடுத்துட்டேன்" என்றார் செல்வியிடம். "கண்ணு முன்ன மாதிரி இல்ல. அப்பா கோவப்பட்டது சரிதான். விடு."

நட்டை அவளிடமிருந்து வாங்கி இறுக்கினார். ரம்பம் அம்புக்குறிப் பக்கமாகச் சுற்றியது. வேங்கை அறுபடுகிற சத்தம் வந்தது. ரத்தச் சிவப்பாகத் தூள் பறந்து எங்கள் இரண்டு பேர் கால் மயிரிலும் ஒட்டியது. அவர் அந்தப் பக்கம் பிடித்து இழுக்க, நான் இந்தப் பக்கம் தள்ள, இருட்டுவதற்குள் நாலு சட்டமும் தேறிவிட்டது.

கம்பியைக் கழற்றியது நான் என்பதை இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.

மஞ்சள் துணி

வெள்ளிக்கிழமை பாளையங்கோட்டையில் நிலை வைத்தோம். வியாழக்கிழமை சட்டங்களைக் கோத்து முடித்த தச்சர் விடியற்காலையிலேயே தூக்கி நிறுத்தித் தூக்குக்குண்டு பார்த்துவிட்டார். பெண்கள் மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து நிலையின் தலையில் கட்டுவது வழக்கம். செல்வியின் மாமனார்தான் கட்ட வேண்டும் என்று யாரோ சொல்ல, பொட்டலம் சம்பந்தி கைக்குப் போனது.

"எனக்குக் கண்ணு சரியில்ல" என்றார் அவர். "அண்ணாச்சி கட்டட்டும். அவுக முடிச்சு அவுறாது."

சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள். இரண்டிலும் என் முடிச்சு அப்படியே இருந்தது.

சுற்றி நின்றவர்களுக்கு அது நூல். நான் மட்டும் அவரைப் பார்த்தேன். மிரட்டுகிறாரா, மன்னிக்கிறாரா என்று முகத்தைத் துழாவினேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஏணியில் ஏறி, இரண்டு நூலையும் சேர்த்துப் பொட்டலத்தைக் கட்டினேன். இறங்காமல் முடிச்சைத் தடவிக்கொண்டு ஏணியிலேயே நின்றேன். முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. எந்த விசேஷம் என்றாலும் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வரும். "மோட்டாரையே பின்னால ஓட வச்சவுங்களாச்சே" என்று அவர் மகன், என் மாப்பிள்ளை முதற்கொண்டு கேலி செய்வார்கள். முப்பது வருடம் ஆலையில் ஒரு கம்பியை மாற்றிக் கொடுக்காத மனிதர். தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

செல்வி, மாப்பிள்ளை, எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பியை மாற்றியது நான். உங்கள் தலைவாசலுக்கு மேலே ஏணி போட்டுப் பாருங்கள். துணி வெளுத்திருக்கும். அந்தச் சிவப்பு நூலிலும் மஞ்சள் நூலிலும் உள்ள முடிச்சு யாருடையது என்று என் வண்டியில் கட்டை ஏற்றிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இதை நான் சொல்லச் சொல்ல ஆள் வைத்து எழுதிப் பத்திரிகைக்குக் கொடுத்தேன். அது அச்சாகி விக்கிரமசிங்கபுரத்தில் வியாழக்கிழமை காலை கிடைக்கும். சம்பந்தி டீக்கடையில் நின்றபடியே முழுவதும் படிப்பார் என்று எனக்குத் தெரியும். படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போவார். எதற்காக ஒன்றும் சொல்லவில்லை என்று நான் இங்கே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பேன்.

அதனால் வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் நானே போகிறேன். அவர் படிக்கும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வேன். கடைசி வரி வரை எழுந்திருக்க மாட்டேன்.